கடன் கொடுப்போரை எந்த மரக்காலால் அளப்பது?

தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர்களில் அரசர்களின் வெற்றிகளைவிட மிகுதியாக எழுதப்பட்டிருப்பவை கணக்குகள். யார் எவ்வளவு கொடுத்தார், அது எந்த ஊரிடம் ஒப்படைக்கப்பட்டது, அந்த ஊர் ஆண்டுதோறும் எவ்வளவு அளக்க வேண்டும் என்பன அங்கே வரிவரியாகப் பொறிக்கப்பட்டுள்ளன. முதலாம் இராசராசன் காலத்தில் கோயிலுக்கு வந்த காசுகள் காவிரிப் படுகையின் ஊர்ச்சபைகளுக்குக் கடனாகத் தரப்பட்டன. பொலிசை என்று கல்வெட்டுகள் சொல்லும் வட்டி, ஒரு காசுக்கு ஆண்டொன்றுக்கு அரைக்கால் காசு. இன்றைய கணக்கில் நூற்றுக்குப் பன்னிரண்டரை. நெல்லாகக் கொடுப்போர் காசுக்கு 3 குறுணி அளந்தனர். அந்த நெல்லை அளப்பதற்கென்றே ‘ஆடவல்லான்’ என்ற பெயருடைய மரக்கால் ஒன்று வகுக்கப்பட்டிருந்தது.

அதே சுவர்களில் ஆடுகளின் கணக்கும் உண்டு. ஒரு நந்தா விளக்கு எரிய 96 ஆடுகள் இடையர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. நாள்தோறும் ஓர் உழக்கு நெய் வர வேண்டும். அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்றனர். ஆடு சாகாமலும் மூப்படையாமலும் இருக்குமா? இருக்காது. செத்த ஆட்டுக்கு ஈடாகப் பிறந்த குட்டியை வைத்து எண்ணிக்கையைக் குறையாமல் காப்பது இடையனின் பொறுப்பு. முதல் குறையக் கூடாது, பயன் நிற்கக் கூடாது என்ற நிதியியல் விதியை இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன தொடரை நாம் கண்டதில்லை.

இஸ்லாம் தடுத்த வட்டி இந்தக் கணக்கில் இருக்கிறது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. நம் கவனம் செல்வது வேறொன்றில். அந்தக் காலத்துக் கடன் ஏற்பாடு சரியாக நடக்கிறதா என்பதை அளக்கக் கோயில் வைத்திருந்த அளவுகோல், விளக்கு எரிகிறதா, நெல் வந்து சேர்ந்ததா என்பதே. கடன் பெற்ற ஊர் அதனால் வளர்ந்ததா, இடையன் வீட்டில் நெய் மிஞ்சியதா என்ற கேள்விக்குக் கல்லில் இடம் இல்லை. பிற்காலச் சோழர் கல்வெட்டுகள் சிலவற்றில், கட்ட வேண்டிய தொகையைக் கட்ட முடியாமல் ஊரார் தம் நிலத்தை விற்ற செய்திகள் வருகின்றன. அப்போதும் எழுதிவைத்தவரின் கண் விற்கப்பட்ட நிலத்தின் எல்லைகள் மீதே நின்றது.

ஆயிரம் ஆண்டுகள் கடந்து, இன்று நுண்கடன் நிறுவனங்களின் செயல்திறனை அளக்கும் ஆய்வாளர்கள் கையில் கணினியும் நுட்பமான கணிதமும் உள்ளன. ஆயினும் அளக்கப்படுவது எது, அளவுக்கு வெளியே நிற்பது எது என்ற பழைய வழக்கு தீரவில்லை. நம் ஊர்களில் வாரந்தோறும் குழுக் கூட்டத்தில் அமரும் சகோதரிகளையும், நம் ஜமாஅத்துகள் நடத்தும் பைத்துல்மால்களையும் இந்த வழக்கு நேராகத் தொடுவதால் அதன் வரலாற்றைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை மாகாணத்தில் உழவருக்குக் கடன் கிடைக்கும் வழிகளை ஆராயப் பணிக்கப்பட்டவர் பிரடெரிக் நிக்கல்சன் என்ற ஆங்கில அதிகாரி. ஐரோப்பாவின் சிற்றூர் வங்கிகளை ஆராய்ந்து 1895இலும் 1897இலும் இரண்டு பெருந்தொகுதிகளாக அறிக்கை அளித்தார். மாகாணத்து உழவரின் கடன் 45 கோடி ரூபாய் என்பது அவர் மதிப்பீடு. ஜெர்மனியில் ரைஃபைசன் என்பவர் தோற்றுவித்த சிற்றூர்க் கடன் சங்கங்கள் அவரை மிகவும் கவர்ந்தன. காரணம் எளியது. நூறு ரூபாய்க் கடனுக்கும் பத்தாயிரம் ரூபாய்க் கடனுக்கும் எழுத்தர் செலவிடும் நேரம் ஏறத்தாழ ஒன்றுதான். ஆகவே சிறிய கடனில் ரூபாய்க்கு ஆகும் செலவு பெரிது. பட்டணத்து வங்கி இதைத் தாங்காது. ஊருக்குள்ளேயே, ஒருவரை ஒருவர் அறிந்தோர், சம்பளம் வாங்காமல் நடத்தும் சங்கம் தாங்கும். இன்றைய நுண்கடன் ஆய்வுகளின் மையமான சிக்கல் அன்றே இப்படிக் கண்டறியப்பட்டுவிட்டது.

அந்நாளைய தஞ்சைச் சீமையில் கடன் கொடுத்தவர் யார்? மிராசுதாரர், நெல் வணிகர், செட்டிமார், கும்பகோணம் போன்ற ஊர்களில் நிதிகள். பண்ணையாளுக்கோ கடன் தந்தவர் பண்ணையாரே. திருமணத்துக்கு வாங்கிய சிறு தொகை, வேலையை விட்டு விலக முடியாத கட்டாக மாறியது. அந்தக் கடனில் வராக்கடன் என்ற பேச்சே கிடையாது. கடன் கொடுத்தவரின் செயல்திறனை மட்டும் அளந்தால் அதைவிடத் திறமையான கடன் ஏற்பாடு உலகில் இராது! தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வர 1952 ஆக வேண்டியிருந்தது.

நிக்கல்சனின் பரிந்துரை 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டமாயிற்று. அதே ஆண்டில் செங்கற்பட்டுச் சீமையின் திரூரில் மாகாணத்தின் முதல் சிற்றூர்ச் சங்கம் தோன்றியது. அதே 1904இல்தான் கும்பகோணத்தில் கும்பகோணம் வங்கியும் தொடங்கப்பட்டது. இன்றைய சிட்டி யூனியன் வங்கி அதன் வழிவந்ததே. டெல்டாவின் வணிகருக்கு வங்கியும் உழவருக்குச் சங்கமும் ஒரே ஆண்டில் பிறந்தன என்பது சுவையான ஒற்றுமை. ஒன்று வளர்ந்த விதமும் மற்றொன்று தேய்ந்த விதமும் அவ்வளவு சுவையானவை அல்ல.

கூட்டுறவுச் சங்கங்களை அளந்தவர்கள் முதலில் எண்ணியது எத்தனை சங்கங்கள், எத்தனை உறுப்பினர்கள் என்பதை. அடுத்து எண்ணியது தவணை தவறிய பாக்கி. இந்த இரண்டாவது அளவுகோல் வந்ததும் அதை ஏமாற்றும் கலையும் உடன் வந்தது. தவணை நாளில் பழைய கடனைக் கட்டியதாக எழுதி, அதே நாளில் அதே தொகையைப் புதுக் கடனாக வழங்கியதாக எழுதுவார்கள். பணம் பெட்டியைவிட்டு நகராது. ஏட்டில் வசூல் முழுமை பெற்றிருக்கும். புத்தகச் சரிக்கட்டல் என்று இதற்குப் பெயரே உண்டு. உழவனோ ஒவ்வோர் ஆண்டும் வட்டியை மட்டும் கட்டிக்கொண்டிருப்பான். அதற்கும் பெரும்பாலும் ஊர் மிராசுதாரரிடம் கைமாற்று வாங்குவான். 1930களில் நெல் விலை சரிந்தபோது இந்த ஏட்டு வசூலும் நின்றது. மாகாணத்து உழவர் கடன் 1930இல் 150 கோடி என்று வங்கி விசாரணைக் குழுவும், 1935இல் ஏறத்தாழ 200 கோடி என்று சத்தியநாதன் அறிக்கையும் மதிப்பிட்டன. இராஜாஜி அரசு 1938இல் கொண்டுவந்த உழவர் கடன் நிவாரணச் சட்டம், அசலைப் போல் இரு மடங்கு கட்டி முடித்தவரின் கடன் தீர்ந்ததாக அறிவித்தது.

அடுத்து வந்த போர்க்காலம் அளவியலுக்கு ஒரு பெரிய பாடம். நாராயணசாமி நாயுடு நடத்திய ஆய்வில், மாகாணத்தின் கிராமக் கடன் 1939இல் சுமார் 272 கோடியாக இருந்து 1945இல் சுமார் 218 கோடியாகக் குறைந்ததாகத் தெரியவந்தது. நெல் விலை ஏறியது, கடன் அடைந்தது என்று மகிழலாம். ஆனால் அதே ஆய்வு மக்களைப் பிரித்துப் பார்த்தபோது, கடன் குறைந்தது விற்க நெல் வைத்திருந்தோருக்கு என்றும், நிலமில்லாக் கூலிகளின் கடன் ஏறியிருந்தது என்றும் காட்டியது. மொத்தக் கணக்கு நல்ல செய்தியைச் சொன்னது. அந்த நல்ல செய்திக்குள் சேரியின் அடுப்பு அணைந்திருந்தது.

1951-52இல் நடந்த அனைத்திந்திய ஊரகக் கடன் ஆய்வு, அரை நூற்றாண்டுக் கூட்டுறவுக்குப் பின்னும் உழவர் பெற்ற கடனில் கூட்டுறவின் பங்கு நூற்றுக்கு 3.1 மட்டுமே என்றும், வட்டிக்கு விடுவோரின் பங்கு ஏறத்தாழ 70 என்றும் கண்டது. பிறகு 1960இல் தஞ்சை மாவட்டம் தீவிர வேளாண்மைத் திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் ஏழு மாவட்டங்களில் ஒன்றாயிற்று. நில ஈட்டைப் பார்க்காமல் பயிர்ச் செலவைப் பார்த்துக் கடன் கொடுப்பது, அதில் ஒரு பகுதியை உரமாகவே தருவது என்பது புதிய முறை. நல்ல முறைதான். ஆனால் டெல்டாவின் குத்தகை பெரும்பாலும் வாய்மொழிக் குத்தகை. பயிரிட்டவன் பெயர் எந்த ஏட்டிலும் இல்லாததால் அவனுக்குச் சங்கத்தின் கதவு எளிதில் திறக்கவில்லை. குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் 1969இல்தான் வந்தது. அரசியலும் தன் பங்குக்கு அளவுகோலை வளைத்தது. 2006, 2016, 2021 ஆகிய ஆண்டுகளில் தமிழக அரசு கூட்டுறவுப் பயிர்க்கடன்களைத் தள்ளுபடி செய்தது. கடைசியாகச் செய்த தள்ளுபடி மட்டும் 12,110 கோடி ரூபாய். வெள்ளத்திலும் வறட்சியிலும் தவித்தவர்களுக்கு அது மூச்சு விடும் இடம் என்பதை மறுக்க முடியாது. எனினும் அதற்குப் பின் ஒரு சங்கத்தின் பாக்கிப் பட்டியலைப் பார்த்து, கட்ட முடியாதவர் யார், தள்ளுபடிக்குக் காத்திருப்பவர் யார் என்று பிரித்துச் சொல்ல எவராலும் இயலாது.

இந்த இடத்தில்தான் நுண்கடன் நுழைகிறது. வங்கதேசத்தின் ஜோப்ரா சிற்றூரில் 1976இல் முஹம்மது யூனுஸ் 42 பேருக்கு 27 டாலர் கொடுத்துத் தொடங்கிய முயற்சி, 1983இல் கிராமீன் வங்கியாயிற்று. தமிழகத்தில் 1989இல் தருமபுரியில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் தொடங்கின. 1992இல் நபார்டு வங்கி 500 குழுக்களை வங்கிகளோடு இணைத்துச் சோதித்தது. திருச்சியில் வேர்கொண்ட கிராம விடியல் உள்ளிட்ட நிறுவனங்கள் கிராமீன் முறையைக் காவிரிக் கரைக்குக் கொண்டுவந்தன. ஐவர் சேர்ந்த குழு, ஒருவர் தவறினால் மற்றவர் பொறுப்பு, வாரத் தவணை, வீட்டருகே கூட்டம். வசூல் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது என்று அறிக்கைகள் வந்தன. புத்தகச் சரிக்கட்டலில் சலித்துப்போன நாட்டுக்கு அது அதிசயமாகத் தெரிந்தது.

வளரும் நாடுகளில் இத்தகைய நிறுவனங்கள் ஆயிரக்கணக்கில் பெருகியபோது, எது திறமையானது என்று அளக்கும் துறையும் பெருகியது. இதற்குப் பெரிதும் பயன்பட்ட முறைக்கு 1957இல் ஃபாரல் வித்திட்டார். 1978இல் சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் ஆகியோர் அதற்குக் கணித வடிவம் தந்தனர். டெல்டாக்காரருக்கு அதைப் புரியவைப்பது கடினமன்று. ஓர் ஊரில் நூறு உழவர். ஒவ்வொருவரும் இட்ட விதை, உரம், ஆள்கூலி தெரியும். கண்ட நெல்லும் தெரியும். அதே செலவில் எவரும் இதற்குமேல் விளைவிக்கவில்லை என்று சொல்லத்தக்கவர்களை வரிசைப்படுத்தி ஒரு எல்லைக்கோடு வரைகிறோம். மற்றவர் அந்தக் கோட்டுக்கு எவ்வளவு கீழே நிற்கிறார் என்பதே அவருடைய செயல்திறன். நிறுவனத்துக்குப் பணியாளர் எண்ணிக்கை, இயக்கச் செலவு, முதல் ஆகியவை இடுபொருள். கடன் தொகை, கடன் பெற்றோர் எண்ணிக்கை, வருவாய் ஆகியவை விளைச்சல். உற்பத்தித்திறன் மாற்றம் என்பது இன்னொரு கேள்வி: ஆண்டுக்கு ஆண்டு அந்தக் கோடே மேலே நகர்ந்ததா? 1934இல் மேட்டூர் அணை திறந்தபோது பலரின் விளைச்சல் ஒருசேர உயர்ந்தது. அதைத் தனி உழவனின் திறமையில் சேர்க்கலாகாது. கைப்பேசியும் வங்கிக் கணக்கில் நேரடி வரவும் வந்தபின் எல்லா நிறுவனங்களின் செலவும் குறைந்ததும் அப்படித்தான்.

முறை அழகானது. ஆனால் எந்த உழவனும் உடனே ஒரு கேள்வி கேட்பான்: தலைமடைக்காரனையும் கடைமடைக்காரனையும் ஒரே கோட்டில் வைத்தா அளந்தீர்கள்? கல்லணைக்கு அருகில் இருப்பவனுக்கு நீர் முதலில் வருகிறது. வேதாரண்யத்துக்காரனுக்கு வந்தால் வரவு, வராவிட்டால் வானம். விளைச்சல் குறைந்ததற்குச் சோம்பல் காரணமா, நீர் காரணமா என்று அறியாமல் போடும் மதிப்பெண் அநீதி. கடன் நிறுவனத்துக்கும் தலைமடை உண்டு. பட்டணத்துக் கடைத்தெருவில் ஒரு லட்சம் ரூபாய்க் கடன் கொடுப்பவரின் செலவு குறைவு. கடலோரக் குடிசையில் பத்தாயிரம் கொடுப்பவரின் செலவு மிகுதி. 2011இல் ஹெர்மஸ், லென்சிங்க், மீஸ்டர்ஸ் ஆகிய ஆய்வாளர்கள் 435 நிறுவனங்களின் தரவுகளை ஆராய்ந்தபோது, சிறிய கடன் கொடுப்பவையும் பெண்களுக்கு மிகுதியாகக் கொடுப்பவையும் செயல்திறனில் கீழே நிற்பதாகக் கண்டனர். அதாவது ஏழையிடம் நெருங்க நெருங்க மதிப்பெண் குறைகிறது. முதலீட்டாளர் இந்தப் பட்டியலைப் பார்த்துப் பணம் போடத் தொடங்கினால், நிறுவனங்கள் எந்தப் பக்கம் நகரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சரகோசா பல்கலைக்கழகத்தின் குட்டியரஸ்-நியெட்டோவும் உடனாய்வாளர்களும் 2007இல் இலத்தீன் அமெரிக்காவின் 30 நிறுவனங்களை எடுத்து, இடுபொருளையும் விளைச்சலையும் பலவாறு மாற்றிமாற்றி வைத்து அளந்தார்கள். எதை விளைச்சல் என்று வைத்தார்களோ அதற்கேற்ப வரிசை மாறியது. 2009இல் அவர்களே, கடன் பெற்ற பெண்களின் எண்ணிக்கையையும் ஏழைகளைச் சென்றடைந்த அளவையும் விளைச்சலாக வைத்துச் சமூகச் செயல்திறன் என்ற தனி அளவை முன்வைத்தனர். இது ஒரு நேர்மையான அடி. ஆயினும் ஏழைப் பெண் கடன் வாங்கினாள் என்பதையே அதுவும் எண்ணுகிறது. வாங்கியபின் அவளுக்கு என்ன நேர்ந்தது என்பது இன்னும் கோட்டுக்கு வெளியே.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு களப்பணியாளர் 500 பெண்களிடம் வாரத் தவணை வசூலிக்கிறார் என்று கொள்வோம். நிறுவனத்தின் கண்ணில் அவர் மிகத் திறமையானவர். ஒவ்வொரு பெண்ணும் கூட்டத்துக்கு வந்து, எல்லாரும் கட்டி முடியும்வரை அமர்ந்து, வாரத்துக்கு ஒரு மணி நேரம் செலவிட்டால், 50 வாரத்தில் 25,000 மணி நேரம். எட்டு மணி நேர நாளாகப் பிரித்தால் 3,125 நாள் கூலி. நடவுக் காலத்தில் அது உண்மையான கூலி. இந்தச் செலவு எந்த நிறுவனத்தின் இயக்கச் செலவிலும் சேர்வதில்லை. வட்டியும் அப்படியே. முழு ஆண்டுக்கும் அசல் முழுவதற்கும் நூற்றுக்கு 12 என்று சொல்லி, அசலை வாரந்தோறும் திரும்ப வாங்கிக்கொண்டால், கையில் இருந்த தொகைக்கு உண்மையில் விழும் வட்டி ஏறத்தாழ இரு மடங்கு.

வசூல் தொண்ணூற்றொன்பது என்ற எண்ணின் உள்ளறை 2010இல் திறந்தது. ஆந்திராவில் பல நிறுவனங்கள் ஒரே பெண்ணுக்கு மேலும் மேலும் கடன் கொடுத்ததும், வசூல் நெருக்கடியும், தற்கொலைச் செய்திகளும் வெளிவந்து, அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. பழைய சங்கத்தில் எழுத்தர் செய்த புத்தகச் சரிக்கட்டலை இங்கே கடன் பெற்ற பெண்ணே தன் தலையில் செய்துகொண்டிருந்தாள்: ஒரு நிறுவனத்தில் வாங்கி மற்றொன்றில் கட்டினாள். இரண்டு ஏட்டிலும் அவள் நாணயமான வாடிக்கையாளர். மாலேகாம் குழு 2011இல் பரிந்துரை தந்தது. ரிசர்வ் வங்கி வட்டிக்கு உச்சவரம்பு விதித்தது. 2022 மார்ச்சில் வந்த புதிய விதிகள் அந்த வரம்பை நீக்கிவிட்டு, ஆண்டு வருமானம் மூன்று லட்சத்துக்கு மேற்படாத குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்றன. கடனை அளந்த கண் முதன்முறையாகக் குடும்பத்தை அளக்க முற்பட்டது என்பதால் அந்த விதி முக்கியமானது. வருமானம் எவ்வளவு என்று எழுதுபவர் கடன் கொடுக்க விரும்பும் பணியாளரே என்பது அதன் பலவீனம்.

டெல்டாவுக்கு அந்தச் சோதனை 2018 நவம்பர் 16 அன்று கஜா புயலாக வந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கங்களில் ஒரு தலைமுறை வளர்த்த தென்னைகள் ஓர் இரவில் சாய்ந்தன. நாகை, திருவாரூர் மாவட்டங்களில் கூரை பறந்த வீடுகளின் வாசலுக்கும் தவணை நாள் தவறாமல் வந்தது. பெண்கள் அவகாசம் கேட்டு ஆட்சியர் அலுவலகங்களுக்கு மனுக்களோடு சென்றார்கள். கடன்பட்டவர் நெருக்கடியில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுங்கள் என்று அல்பகரா அத்தியாயத்தின் 280ஆம் வசனம் கட்டளையிடுவதை நாம் அறிவோம். நுண்கடனின் அளவுகோலில் அந்த அவகாசத்துக்குப் பெயர் ‘30 நாள் கடந்த இடர் நிலுவை’. அவகாசம் கொடுத்த கிளையின் மதிப்பெண் குறையும். நெருக்கி வாங்கிய கிளையின் மதிப்பெண் ஏறும். அளவுகோல் எப்படி ஒழுக்கத்தை உருவாக்குகிறது என்பதற்கு வேறு சான்று வேண்டாம். கட்டாய வசூலைத் தண்டிக்கும் சட்டத்தைத் தமிழகப் பேரவை 2025இல் நிறைவேற்றியது.

வேறுவிதமாக அளக்க முயன்றவர்களும் இதே மண்ணில் உண்டு. கல்லணைக் கால்வாயைப் புதுஆறு என்று மக்கள் அழைப்பது வழக்கம். அந்தப் பெயரைத் தாங்கிய ஊரக நிதிச்சேவை நிறுவனம் ஒன்றை ஐ.எஃப்.எம்.ஆர். அறக்கட்டளை 2008இல் பட்டுக்கோட்டைக்கு அருகே கரம்பயத்தில் தொடங்கியது. ஒரு குறிப்பிட்ட நிலப்பகுதிக்குள் மட்டும் இயங்குவது, கடன் கொடுக்குமுன் குடும்பத்தின் வரவு, செலவு, இடர், சேமிப்பு அனைத்தையும் பதிவுசெய்து அக்குடும்பத்தின் நிதி நலனையே இலக்காகக் கொள்வது என்பது அதன் எண்ணம். அது வட்டி வாங்கும் நிறுவனமே. நாம் அதைப் பரிந்துரைக்கவில்லை. கடன்பட்டவரின் வீட்டை அளவுக்குள் கொண்டுவர இயலும் என்பதற்கு மட்டும் அதைச் சுட்டுகிறோம்.

இனி நம் வீட்டுக் கணக்கு. அதிராம்பட்டினம் தொடங்கி டெல்டாவின் முஸ்லிம் ஊர்கள் பலவற்றில் பைத்துல்மால்கள் வட்டியில்லாக் கடன் தருகின்றன. பெரும்பாலும் நகை ஈட்டின் மேல், அல்லது இருவர் பிணையில். ரிபாவிலிருந்து மக்களைக் காக்கும் இப்பணியின் சிறப்பைச் சொல்லித் தீராது. ஆனால் நம்மில் பலர், நற்பணிக்கு அளவுகோல் எதற்கு, கூலி அல்லாஹ்விடம் என்று நிறுத்திக்கொள்கிறோம். கடனை எழுதிவைப்பதைப் பற்றிப் பேசும் அல்பகரா 282ஆம் வசனம்தான் குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் என்பதை நினைவிற்கொள்வது நலம்.

அளப்பது இங்கே மார்க்கக் கடமையாகவே மாறும் ஓர் இடமும் உண்டு. கடன் கொடுக்க எழுத்தர் சம்பளம், வாடகை, நகைப் பெட்டகம் என்று செலவு ஆகிறது. அதைக் கடன் பெற்றவரிடம் வாங்கலாமா? 1986இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் பேரவை, உண்மையில் ஆன நிர்வாகச் செலவை மட்டும் சேவைக் கட்டணமாகப் பெறலாம், அதற்கு மேற்பட்டது ரிபா என்று தீர்மானித்தது. அப்படியானால் ஒரு கடனுக்கு உண்மையில் எவ்வளவு செலவாகிறது என்று கணக்கிடாத நிதியம், தான் வாங்கும் கட்டணம் ஹலாலா ஹராமா என்று எப்படி அறியும்? கட்டணத்தைத் தொகையின் விழுக்காடாக வைத்தால் சந்தேகம் இன்னும் கூடும். ஒரு லட்சத்துக்கும் பத்தாயிரத்துக்கும் எழுத்தரின் வேலை ஒன்றுதான் என்பதை நிக்கல்சன் காலத்திலேயே பார்த்தோம். ‘ஒரு கடனுக்கான செலவு’ என்று நுண்கடன் ஆய்வாளர் எழுதும் அதே எண்தான் இங்கே ரிபாவுக்கும் சேவைக் கட்டணத்துக்கும் இடையிலான வேலி.

சுழற்சியையும் பார்ப்போம். ஒரு பைத்துல்மாலின் கடன் நிதி 12 லட்சம். ஒரு கடன் 24,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு முடிவில் மொத்தமாகத் திருப்பும் ஏற்பாடானால் ஆண்டுக்கு 50 பேருக்குக் கிடைக்கும். மாதம் 2,000 வீதம் திரும்பி, வந்த பணம் அன்றன்றே மறுபடியும் கடனாகப் போனால், ஒரு கடனில் சராசரியாக நிற்கும் தொகை 13,000 மட்டுமே; அதே நிதி ஏறத்தாழ 92 பேரை எட்டும். பெட்டியில் பாதி உறங்கினால் அது 46. வங்கியில் உறங்கும் ஒவ்வொரு லட்சத்துக்கும் எத்தனை சகோதரிகள் வட்டிக் குழுவில் அமர்ந்திருக்கிறார்கள் என்று கேட்கும் உரிமை ஊராருக்கு உண்டு.

ஆனால் இங்கும் கடைமடை நியாயத்தை மறக்கலாகாது. மாதத் தவணை, கடை வைத்திருப்பவருக்கும் வளைகுடாவிலிருந்து மாதப் பணம் வரும் வீட்டுக்கும் ஏற்றது. சம்பா அறுப்பை நம்பியிருக்கும் குத்தகைக்காரருக்குப் பணம் தை, மாசியில்தான் வரும். 92 என்ற எண்ணை மட்டும் துரத்தும் பைத்துல்மால் அவரைக் கைவிடும். அவர் நெல் வணிகரிடம் முன்பணம் வாங்கி, களத்திலேயே குறைந்த விலைக்கு அளந்துவிட்டு வருவார். இரண்டு வகைக்கும் தனித்தனியே நிதி ஒதுக்கித் தனித்தனியே அளப்பதே நமக்குச் சரியாகப் படுகிறது.

எத்தனை நாளில் பணம் கைக்கு வருகிறது என்பதையும் அளக்க வேண்டும். வட்டியில்லாக் கடன் ஊரிலேயே இருக்க, நம் சகோதரிகள் குழுக் கடனை ஏன் நாடுகிறார்கள் என்று மிம்பரில் வருந்துகிறோம். நிறுவனம் வாசலுக்கு வருகிறது, சில நாளில் பணம் தருகிறது, ஈடாக நகை கேட்பதில்லை, ஜமாஅத் தலைவர் முன்னால் சென்று நிற்கச் சொல்வதில்லை. அடகுவைக்க நகை இல்லாதவளே மிக ஏழை. நகை ஈட்டுக் கடன் அவளைத் தொடவே தொடாது. லாகூரில் 2001இல் அம்ஜத் சாகிப் தொடங்கிய அகுவத், நகை ஈடின்றி, பிணையாளரின் பேரில், பள்ளிவாசல்களையே கூடுமிடமாகக் கொண்டு, வட்டியில்லாக் கடனைப் பல லட்சம் குடும்பங்களுக்குக் கொண்டுசென்றிருக்கிறது. வாடகையில்லாப் பள்ளிவாசல், அதன் செலவு குறைந்ததற்கு ஒரு பெரிய காரணம். பள்ளிவாசல்களுக்கு டெல்டாவில் குறைவில்லை.

இத்தனைக்கும் பிறகு, கடன் வாங்கியவர் கடனிலிருந்து விடுபட்டாரா என்ற கேள்வி நிற்கிறது. அதற்கு ஒரு முன்மாதிரி டெல்டாவிலேயே இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணவர்களைக் கொண்டு சில தென்னிந்தியச் சிற்றூர்களை ஆராய்ந்து 1918இல் நூலாக வெளியிட்டார். அவற்றுள் ஒன்று தஞ்சைச் சீமையின் பாலக்குறிச்சி. 1936-37இல் தாமசும் ராமகிருஷ்ணனும் தலைமையேற்று அதே ஊர்களை மீண்டும் ஆராய்ந்தனர். 2019இலும் பாலக்குறிச்சிக்கு ஆய்வாளர்கள் சென்றார்கள். ஒரு நூற்றாண்டுக்கு மேல் அதே ஊரின் வீடுகளில் நிலம், கூலி, கடன் பற்றிக் கேட்டிருக்கிறார்கள்.

நம் பைத்துல்மால்களின் பழைய பதிவேடுகளில் பத்தாண்டுக்கு முன் கடன் பெற்றவர்களின் பெயர்கள் தெருப் பெயரோடு உள்ளன. கொடுத்த தொகையும் திரும்பிய தேதியும் மட்டுமே அவற்றுக்கு எதிரே எழுதப்பட்டிருக்கும். அந்த வீடுகளுக்குச் சென்று, இன்று யாருக்கு எவ்வளவு தர வேண்டியிருக்கிறது என்று மட்டும் கேட்டு, பெயரை வெளியிடாமல் எழுதிவர, ஒரு கோடை விடுமுறையும் ஊரின் நான்கைந்து கல்லூரி மாணவ மாணவியரும் போதும்.